மினிக்கு மட்டுமா பெருமை?

ஆசிரியருக்கு,

இன்றைய சிறிய கார்களுக்கு 1959-இல் வந்த பிரிட்டனின் மினி காரே மூலம் என்கிறது உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை. பாதிதான் சரி. என்ஜினைக் குறுக்காகப் போட்டு இடத்தை மிச்சம் பிடித்தது மினியின் சாமர்த்தியம். ஆனால் அதில் கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியில், அதே எண்ணெயில் கிடந்தது. கியர்பாக்ஸைத் தனியாக என்ஜினின் முனையில் பொருத்தும் முறையை இத்தாலியப் பொறியாளர் தாந்தே ஜகோசா 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற காரில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1969-இல் ஃபியட் 128 காருக்குக் கொண்டுவந்தார். இன்றும் பெரும்பாலான சிறிய கார்கள் இந்த வழிதான்.

பட்டறை நடத்துகிறேன். இந்த வகைக் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத்தண்டுகளைக் கழற்றித் தரையில் வைத்தால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. புதுப் பையன்கள் ஸ்பேர் மாறிவிட்டதோ என்று முழிப்பார்கள். கியர்பாக்ஸ் ஓரமாக இருப்பதால் வந்த வித்தியாசம் அது. அடுத்த முறை மினி, ஃபியட் 128 இரண்டின் குறுக்குவெட்டுப் படத்தையும் அருகருகே போடுங்கள்.

– ஒரு மெக்கானிக், கோவை