குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பி மகளுக்கு 4 வயதில் பாவாடை சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர்தான், "வலது தோள் தூக்கலா இருக்கே ஆச்சி" என்று முதலில் சொன்னார். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அப்பத்தா கண்ணில்கூட அது படவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு பாதிதான் வளர்ந்திருந்தது. முதுகெலும்பில் பிறவி வளைவு.

கரு உருவான முதல் சில வாரங்களிலேயே நேரும் குறை இது. "கிரகணத்தன்று காய் நறுக்கினாய்" என்று பெற்றவளைப் பேசியதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இந்த வளைவு உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரகம், இதயம் இரண்டையும் சோதிக்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லவே ஓராண்டு ஆனது, அதுவரை தைலம்தான்.

மரபணுக் குறைகளாலும் முதுகு வளையும். நரம்புகளில் கட்டிகள் வளரும் நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் என்றால் தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் பல இருக்கும். உடலின் இணைப்புத் திசு பலவீனமாக இருக்கும் மார்ஃபான் என்றால் கைகால், விரல்கள் நீண்டிருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் விரியலாம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் வரும் குழுவினர் எடை, உயரம் பார்ப்பதோடு, பெண் பணியாளரை வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் குனியச் சொல்லி முதுகையும் பார்க்க வேண்டும். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பட்டும். ஒரு நிமிட வேலைதான்.

- ஒரு வாசகி, காரைக்குடி