படத்தில் விடுபட்ட டிரம்மர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓஸி ஆஸ்போர்ன் மறைவை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஆங்கில ஹார்டு ராக் பாடகர் ஒருவருக்குத் தமிழ் நாளிதழ் கால் பக்கம் ஒதுக்கியதே என் போன்றவர்களுக்குப் பெரிய சங்கதி என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் பாடிய ‘பிளாக் சப்பாத்’ குழுவினர் பணத்துக்காகவே பிரிந்து பிரிந்து சேர்ந்தார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதையும், நால்வர் நிற்கும் படத்தின் கீழே மூவர் பெயரை மட்டும் அச்சிட்டிருப்பதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் முத்தியால்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். 1983-இல், பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த வருடம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து விடுப்பில் வந்திருந்த நண்பனின் சித்தப்பா (எங்கள் ஊர் வழக்கில் ஒரு சொல்தா) கொண்டு வந்த கேசட்டில்தான் இவர்களை முதன்முதலில் கேட்டேன். 1970-இல் வெளிவந்த ‘பாரனாய்ட்’ ஆல்பம் அது. சொற்கள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த கிட்டாரின் கனம் புரிந்தது. பகல் முழுவதும் இரும்பின் ஓசையைக் கேட்டுவிட்டு வருபவனுக்கு அதைப் புரியவைக்க யாரும் தேவையில்லை. அந்தக் கேசட்டின் நாடா இரண்டு முறை அறுந்து, இரண்டு முறையும் செல்லோடேப் ஒட்டிக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கனத்துக்குக் காரணம் ஒரு விபத்து என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. கிட்டார் வாசித்த டோனி ஐயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தவர். பதினேழாம் வயதில், வேலையை விட்டு நிற்கப் போகும் கடைசி நாளன்று, வராத ஒருவருக்குப் பதிலாகப் பழக்கமில்லாத, தகடு அழுத்தும் பிரஸ் எந்திரத்தில் நின்றபோது, வலக்கையின் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி போய்விட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, அழுத்தம் தாங்க மெல்லிய தந்திகளைக் கட்டி அவர் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். பின்னாளில் தந்திகளின் சுருதியையும் இறக்கினார். உலகம் ஹெவி மெட்டல் என்று கொண்டாடும் ஓசையின் பாதி அந்த இறக்கத்தில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கும் பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் போயிற்று. பஜனையில் டோலக் வாசித்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு டோலக்கைத் தொடவே இல்லை. ஐயோமியின் கதையை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசி வரை துணிவு வரவில்லை.

சாத்தானை வணங்கும் குழு என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லியிருப்பதற்கும் ஒரு வார்த்தை. பெயரை அவர்கள் எடுத்தது ஒரு பேய்ப்படத்திலிருந்து. பாடல்களை எழுதிய கீஸர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் ஓஸியின் தந்தை. அவர் ஒரு டூல் மேக்கர், அதாவது என் தொழில்காரர்.

இனிச் சேர்ந்த கதைக்கு வருகிறேன். 1979-இல் ஓஸியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். 1985-இல் பிலடெல்பியாவில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிதிதிரட்டும் கச்சேரி மேடையில் நால்வரும் சில நிமிடங்கள் சேர்ந்தார்கள். 1997 டிசம்பரில் சொந்த ஊரான பர்மிங்காமில் இரண்டு இரவுகள் வாசித்ததுதான் முறையான மறுசேர்க்கை. பிறகு 2011 நவம்பர் 11 அன்று மீண்டும் சேரப்போவதாக நால்வருமாக அறிவித்தார்கள். மூன்றே மாதத்தில், தான் கையெழுத்திடத்தக்க ஒப்பந்தம் தரப்படவில்லை என்று டிரம்மர் பில் வார்ட் விலகிக்கொண்டார். பணம் பேசப்படவே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் அதே காலத்தில் ஐயோமிக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது; சிகிச்சைக்கு நடுவில்தான் மறுசேர்க்கையின் புது ஆல்பத்தை முடித்தார். பணம் ஒன்றே குறியாக இருந்தவர் செய்கிற காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை.

2013-இல் வெளியான அந்த ஆல்பம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. நானும் கேட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனாலும் கல்யாண வீட்டில் பரிமாறிய விருந்தில் உப்பு மட்டும் வேறு கடையில் வாங்கியது போல ஒரு வித்தியாசம். வில்லியனூர்த் தேரோட்டத்தில் நாயனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் விளங்கும்: நாயனக்காரர் அவரே, ராகமும் அதுவே, பக்கத்தில் தவில் மட்டும் வேறு கை என்றால் ஊர்வலத்தின் நடையே மாறிவிடும். வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பாரமான கிட்டாருக்கு அடியில் அவருடைய கை ஆடிக்கொண்டே இருக்கும். வந்த டிரம்மர்கள் திறமைசாலிகள்தாம். அவர்கள் கை அடித்தது, ஆடவில்லை. 2017 பிப்ரவரியில் பர்மிங்காமில் நடந்த ‘கடைசி’க் கச்சேரியிலும் வார்ட் இல்லை. அதனால் அது எனக்குக் கடைசியாகப் படவில்லை.

2025 ஜூலை 5 அன்று, ஓஸி வளர்ந்த, பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில், இருபது வருடங்களுக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் ஏறினார்கள். வருமானம் பார்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும், பர்மிங்காமின் குழந்தைகள் மருத்துவமனைக்கும், நோயுற்ற குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்றுக்கும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். பணத்துக்காக என்று எழுதியவர் இதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். ஞாயிறு விடியற்காலையில் பேரனின் கைபேசியில், பணம் கட்டிப் பார்த்தேன். நான்கு பாட்டுகள். குரல் சில இடங்களில் பிசகியது, தாளமும் ஓரிரு இடத்தில் தள்ளிப்போனது. எழுபத்தேழு வயதில் வார்ட் வாசித்த வாசிப்பு பழைய கேசட்டில் இருந்ததல்ல. ஆனால் அந்தக் கைதான், அந்த ஆட்டம்தான். “தாத்தா, ஏன் அழுறீங்க?” என்று கேட்ட பேரனுக்கு, தூக்கம் போதவில்லை என்றேன். பதினேழாம் நாள் ஓஸி போய்விட்டார்.

தங்கள் கட்டுரையோடு வந்தது அன்றைய மேடையின் படம்தான். அதில் விடுபட்டுப்போன பெயர், பில் வார்ட். திருத்தமாக ஒரு வரியில் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.