ஆழியாற்றுக்கு வரும் முதல் வெள்ளம்

அன்புள்ள கந்தசாமிக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆழியாற்றில் ஆகாயத்தாமரை இப்படி அப்பிக் கிடப்பதற்குச் சாக்கடைதானே காரணம் என்று கேட்டிருந்தாய். சாக்கடைக்கும் பங்கு உண்டு. ஆனால் ஜூன் மழையில் தோட்டங்களிலிருந்து இறங்கும் கலங்கல் தண்ணீரையும் கணக்கில் சேர். உரத்திலுள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாகிக் கரைந்து ஓடும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. ஆற்றில் சேரும் 1 கிராம் பாஸ்பரஸ், மற்ற சத்தும் கிடைத்தால், காய்ந்த எடையில் ஏறக்குறைய 100 கிராம் பாசியை வளர்க்கும். அது செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். எல்லையிலுள்ள மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் அதே ஆழியாற்றுத் தண்ணீர்தான் எங்கள் சித்தூர்ப்புழை.

தென்னைக்குப் பரிந்துரை, மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. பாதியை ஜூன்-ஜூலையிலும் மீதியை டிசம்பர்-ஜனவரியிலும் போடச் சொல்வார்கள். சிக்கல் அந்த ஜூன் தவணையில்தான். மழை வரப்போகிறதென்று அவசரமாக மேலே வீசிவிடுகிறார்கள். ஒரே கனமழையில் நிறைய உரம் ஓடைக்குப் போய்விடும். உரத்துக்கு ஈரம் வேண்டும், ஓட்டம் கூடாது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரத்தைத் தூவி, கொத்தி மண்ணோடு கலக்கச் சொல். கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

நெல்லுக்கு டிஏபியைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட வேண்டும். நடவுக்காக அந்தக் கலங்கலை உடனே வடித்தால் உரக்காசும் கூடவே வடியும், தெளியவிட்டு வடி. நட்டபின் போடும் மேலுரத்துக்கு முன் தண்ணீரைச் சுண்டவிட்டு, யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்துப் போடு. போட்டதும் வடிமடையை இறுக்கி அடைத்துவிடு.

ஓடையோரம் சில மீட்டர் உழாமல் விட்டு வெட்டிவேர் வை. தண்ணீர் வேகம் குறைந்தால் மண் அங்கேயே படியும். ஆனால் ஒரே இடத்தில் அறுத்துக்கொண்டு ஓடினால் புல் இருந்தும் பயனில்லை. மழை பெய்யும்போதே போய்ப் பார்த்து, அறுப்பு விழுந்த இடத்தில் கல் அடுக்கு.

ஆகாயத்தாமரையை அள்ளினால் கரையிலேயே குவிக்காதீர்கள். அழுகினால் அதிலுள்ள சத்து அடுத்த மழையில் திரும்ப ஆற்றுக்கே வரும். மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சாணத்தோடு மட்கவிடுங்கள். சாணக் குப்பையும் வாய்க்கால் ஓரத்தில் இருக்கக் கூடாது. உன் ஊரில் இதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன், செலவே இல்லை.

அன்புடன்,
சிவராஜ்
கொழிஞ்சாம்பாறை