ஹுஸரியிடம் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

ரமழான் சிறப்புப் பக்கத்தில் உலகப் புகழ்பெற்ற காரிகளை (குர்ஆன் ஓதுநர்களை)ப் பற்றி எழுதியிருந்தீர்கள். எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல் ஹுஸரிக்கு (1917–1980) 'இனிய குரல்' என்று ஒரே வரிதான். அவர் ஓதலில் குரலைவிடப் பெரியது, ஒலிகளை நீட்டும் அளவு.

தன்தாவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவர். 1944இல் எகிப்து வானொலியில் ஓதத் தொடங்கி, 1955இல் கெய்ரோ ஹுசைன் பள்ளிவாசலின் காரியானார். முழுக் குர்ஆனும் நிதானமான தர்தீல் நடையில் முதன்முதலாக ஒலிப்பதிவாகி 1961இல் வெளியானது அவர் குரலில்தான். சிறுவர்களுக்குக் குர்ஆன் கற்றுத்தரும் நம் மக்தப்களில் ஓதுவதும் அவர் ஓதிய அதே ஹஃப்ஸ் என்னும் ஓதல் முறைதான்.

தஜ்வீதில், அதாவது குர்ஆனைத் திருத்தமாக ஓதும் இலக்கணத்தில், ஹரகத் என்பது ஏறத்தாழ நம் மாத்திரை. 'மாலிகி'யில் வரும் 'மா', நம் நெடிலைப் போல இரண்டு. 'இதா ஜாஅ'வில் 'ஜா' நான்கு அல்லது ஐந்து. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் கடைசியில் 'வலள்ளால்லீன்' என்னும்போது 'ளா'வுக்கு முழுதாக ஆறு. விரல் மடக்கி எண்ணியபடி ஹுஸரியைக் கேட்டால், குர்ஆனின் முப்பது பாகங்களில் எந்த ஜுஸ்வை எடுத்தாலும் இந்தக் கணக்கு பிசகாது. ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹை அவசரமாக ஓதும்போது முதலில் தேய்வதும் இந்த ஆறுதான்.

பழகுபவர்கள் மாணவர்களுக்காக அவர் மெதுவாக ஓதிய 'முஅல்லிம்' பதிவை எடுத்துக்கொள்ளட்டும். நாளுக்கு அரைப் பக்கம் போதும். முஸ்ஹஃபை (அரபிக் குர்ஆன் பிரதியை)த் திறந்து வைத்து, ஒரு வசனத்தை மூன்று முறை கேட்டு, ஒலியை நிறுத்திவிட்டு ஓத வேண்டும். கூடவே ஓதினால் நம் பிழை அவர் குரலில் மறைந்துவிடும். கைப்பேசியில் வேகத்தைக் கூட்டினால் நீட்டமும் குன்னா என்னும் மூக்கொலியும் காதில் பிடிபடாது. ராகத்தோடு ஓதும் முஜவ்வத் பதிவில் தொடங்குபவர்களுக்கு மெட்டு வந்துவிடும், எழுத்தொலி பிறக்கும் இடமான மக்ரஜ் வராது.

தமிழ் எழுத்தில் பார்த்து ஓதுவது இதைவிடப் பெரிய இடர். அடிநாக்கிலிருந்து எழுந்தால் 'கல்ப்' உள்ளம்; சற்று முன்னே வந்துவிட்டால் நாய். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'.

நிறுத்தமும் அப்படித்தான். குர்ஆன் 4:43இல் (4ஆம் அத்தியாயம், 43ஆம் வசனம்) 'லா தக்ரபுஸ் ஸலாத்த' என்று மூச்சு விட்டால் 'தொழுகையை நெருங்காதீர்கள்' என்றாகிவிடும். 'போதையில் இருக்கும்போது' என்பது அடுத்துத்தான் வருகிறது. நிறுத்தத்துக்கென்றே தனி நூல் எழுதியவர் ஹுஸரி.

உங்கள் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் வசனங்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிடுகிறீர்கள். நிறுத்தக் குறிகளுடன் அரபி மூலத்தையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

– மக்தப் ஆசிரியர்கள், மேலப்பாளையம்