கரை ஒதுங்கும் மீனைப் பிள்ளைகள் எடுக்க வேண்டாம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். நேற்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்துவந்து என் மேசையில் வைத்தான். பச்சைச் சாயம் கரைத்தது போல இருந்தது. "கெமிக்கலா சார்?" என்றான். இல்லை, நீங்கள் பூங்கோரை என்று சொல்வதுதான். அறிவியல் பெயர் நாக்டிலூகா. தனக்குள் பச்சை நுண்பாசிகளைக் குடிவைத்திருக்கும் ஒற்றைச் செல் உயிர். தாய்மார்கள் கடலில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி என்னும் கடற்பாசிகள் வேறு, இது வேறு. அந்தத் தொழிலுக்கு இதனால் கெட்ட பெயர் வரக் கூடாது.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கரைகளில் மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். பூங்கோரை மண்டிச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. அம்மோனியாவும் கூடுகிறது. ஓடத் தெரிந்த மீன் தப்பிக்கும். பவளப்பார் இடுக்கில் கிடப்பவை மூச்சுமுட்டிச் சாகும். பவளம் எங்கே ஓடும்? மண்டபம் அருகே தீவுகளை ஒட்டிய பவளங்கள் சில அந்த ஆண்டு செத்தன. மீன் குஞ்சு பொரித்து ஒதுங்குகிற இடமே அதுதான். கடல் பச்சையாகிவிட்டது என்று செய்தி பரவினால் நல்ல மீனுக்கும் விலை விழும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாளாகப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் செத்த மீன் பொறுக்கப் போகிறார்கள். கோழிக்குத்தான் என்கிறார்கள். கோழிக்கும் வேண்டாம். வலையில் துடித்து வரும் மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சை நிறமான கடல்தண்ணீரில் குளிக்க விடாதீர்கள், தோல் அரிக்கும்.

மட்டி, சிப்பியை மட்டும் தண்ணீர் தெளியும்வரை தவிர்த்துவிடுங்கள். மட்டி, சிப்பியில் சேரும் நஞ்சைப் பூங்கோரை தருவதாகத் தெரியவில்லை. ஆனால் நஞ்சுள்ள வேறு நுண்பாசிகளும் உண்டு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. 1981இல் கல்பாக்கம் அருகே வயலூரில் மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டபின் உதடு மரத்துப்போனால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பையன் கொண்டுவந்த பாட்டிலை நாற்றம் தாங்காமல் சாயங்காலமே கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் புதுத் தண்ணீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்கிறோம். பார்க்க விரும்பும் பெற்றோரும் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்