அரண்மனைக்காரத் தெருவின் கல்லெழுத்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னைப் பாரிமுனை நெரிசலுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஆர்மேனியர் தேவாலயக் கல்லறையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தோம். அரண்மனையே இல்லாத தெருவை அரண்மனைக்காரத் தெரு என்கிறோம். ‘ஆர்மேனியன்’ என்ற சொல் நம் ஊர் வாயில் அப்படித் திரிந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைக் கும்பிட வரும் கூட்டத்தில் பலர், சற்றுத் தள்ளி இருக்கும் கனத்த மரக்கதவுக்குப் பின்னால் சுமார் 350 கல்லறைகள் இருப்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். அவர்களை உள்ளே அழைத்ததற்காகவே கட்டுரையாளருக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, ‘இந்த எழுத்து இனி யாருக்கும் புரியாது’ என்ற வரி. மற்றொன்று, எழுத்து தெரிவதற்காக வெள்ளைச் சாக்குத்தூள் பூசிய கல்லின் படம்.

மொழி தெரியாதவரும் அந்தக் கற்களில் ஆண்டையாவது படித்துவிட முடியும். ஆர்மேனிய நெடுங்கணக்கின் 36 பழைய எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு. முதல் ஒன்பதும் 1 முதல் 9 வரை. அடுத்த ஒன்பது 10 முதல் 90. அதற்கடுத்த ஒன்பது 100 முதல் 900. கடைசி ஒன்பது 1000 முதல் 9000. எழுத்துப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கூட்டினால் போதும். தடுமாற்றம் அதற்குப் பிறகுதான் வரும், ஏனென்றால் அவர்களிடம் இரண்டு ஆண்டுக் கணக்குகள் இருந்தன. ஆண்டு 28ஆவது எழுத்தில், அதாவது ஆயிரத்தில் தொடங்கினால் அது பெரிய சகாப்தம் என்ற கணக்கு; நம் ஆங்கில ஆண்டு கிடைக்க 551 கூட்ட வேண்டும். ஆயிரமே இல்லாமல் நூற்றுச் சொச்சமாக இருந்தால், பாரசீகத்தின் புது ஜுல்ஃபாவிலிருந்து வந்த வணிகர்கள் பயன்படுத்திய அசாரியா சகாப்தம். 1615 கூட்ட வேண்டும். ஒரு கல்லில் 1200 என்றும் இன்னொன்றில் 136 என்றும் இருந்தால் இரண்டுமே 1751தான். இரண்டு கணக்கிலும் புத்தாண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. அதனால் ஓராண்டு முன்பின் ஆகலாம்.

எழுத்து மங்கியிருக்கிறதே என்றால், அதற்கு வேண்டியது தூளல்ல, சாய்ந்த வெளிச்சம். உச்சி வெயிலில் எந்த வெட்டெழுத்தும் தட்டையாகவே தெரியும். காலை வெயில் கிடையாக விழும் நேரத்தில் போகலாம். நேரம் தவறினால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குடை பிடித்துக் கல்லை நிழலாக்க வேண்டும். மற்றவர் வெயிலில் நின்று, ஒன்றரை அடிக் கண்ணாடியால் வெளிச்சத்தைக் கல்லின் மேல் படுக்கையாகத் திருப்ப வேண்டும். டார்ச் என்றால் மூன்றடி தள்ளித் தரையை ஒட்டிப் பிடியுங்கள். கல்லுக்கும் ஒளிக்கும் 10, 15 டிகிரிக்கு மேல் கோணம் கூடாது. கேமராவை நேர் மேலே அசையாமல் வைத்து, நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் கொடுத்து நான்கு படம் எடுங்கள். ஒன்றில் மறைந்த கீற்று இன்னொன்றில் எழும்.

சாக்குத்தூளைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். கரும்பலகைச் சாக்குக்கட்டி பெரும்பாலும் ஜிப்சம். மழை பட்டால் எழுத்தின் வெட்டுக்குள் படிந்து தங்கிவிடலாம். அப்புறம் அதைச் சுரண்டப்போய் எழுத்தின் விளிம்பே போய்விடும். மாவு தடவினால் எறும்பும் பூஞ்சையும் வரும். எண்ணெய் அன்றைக்கு எழுத்தைப் பளிச்சென்று காட்டும், மறுமாதம் தெருப் புழுதியைப் பிடித்துக்கொண்டு கறுத்துவிடும். கரியால் தாளில் தேய்த்துப் படியெடுப்பதும் வேண்டாம். தாள் கிழிந்தால் கரி கல்லில் ஏறும். தொல்லியல் துறையினர் ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, அதன் மேல் மை தட்டி எடுக்கும் மைப்படி வேறு, அது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்வது.

பராமரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமிலம் ஊற்றிக் கழுவினால் கருங்கல்லில் உள்ள இரும்புச் சத்து துருவாக வெளிப்பட்டு, போகாத மஞ்சள் கறை விழும். வெறும் தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ், பாசிக்கு மூங்கில் சிம்பு, இவை போதும். கால் மணி நேரம் நனைத்துவிட்டுத் தேய்த்தால் பாசி தானாகவே வரும். கல்லறைப் பலகைகளுக்கு நடுவே சிமெண்ட் பூசுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. கீழே தங்கிய ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் மண் இளகும், பலகை ஒரு பக்கம் இறங்கும், யாராவது மிதித்தால் குறுக்கே விரிசல் விடும். சிமெண்ட் கல்லைவிட்டு எளிதில் பிரியாது. பெயர்க்கும்போது ஓரமும் சேர்ந்து உடையும். அதற்குப் பதில் நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு; பூசிய பின் ஒரு வாரம் ஈரக் கோணி போட்டு மூடி வைக்க வேண்டும். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் ஈரம் வெளியேற வழி இருக்கும்.

1712இல் எழுந்து 1772இல் மீண்டும் கட்டப்பட்ட இந்த வளாகத்தில்தான் பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோன்யன் அடங்கியிருக்கிறார். 1794 அக்டோபரில் உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ இவர் கையால் சென்னையில் அச்சானது; 1796 வரை 18 இதழ்கள். 1824இல் மறைந்தார். இதழ் நடத்துகிற உங்களுக்கு அந்தக் கல்லின் அருமையை நாங்கள் சொல்லத் தேவையில்லை. மணிக்கூண்டையும் கட்டுரை விட்டுவிட்டது. ஆறு மணிகளில் ஒன்று 1754இல் வார்த்து 1808இல் மறுவார்ப்பு கண்டது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு.

இன்னொரு திருத்தம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்த கற்களையும் கட்டுரை கல்லறைகள் என்கிறது. அவை இடம்பெயர்ந்த கற்கள். அவை முதலில் இருந்த இடுகாடு, முன்பு சட்டக் கல்லூரி இயங்கிய வளாகத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அங்கிருந்த சமாதிகளை மறைப்பாகப் பயன்படுத்தியதால், பிறகு அவற்றை இடித்து, கல்வெட்டுப் பலகைகளை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து பரப்பினார்கள். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கல்லும் அப்படி வந்ததே.

அடுத்த முறை இக்கல்லறைகளைப் படம்பிடிக்கும்போது, தங்கள் புகைப்படக்காரரிடம் ஒரு கண்ணாடியையும் குடையையும் கொடுத்தனுப்புங்கள். தூள் பூசாத படத்தை வெளியிட்டு, அது எப்படி எடுக்கப்பட்டது என்று கீழே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசகர்கள் சிலர்,
சென்னை