கலம்பாவின் குத்தகைதாரர்கள்

லாஸ் பானோஸ், பிலிப்பைன்ஸ்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் சௌக்கியம். அறுவடை ஓய்ந்ததால் படிக்க நேரம் கிடைக்கிறது.

ஸ்பானியர்கள் வந்ததும் இங்குள்ளவர்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்களா என்று கேட்டிருந்தாய். முதலில் பிடித்தது ஆட்களைத்தான். ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி தன் படையினருக்குக் கொடுத்த 'என்கொமியெண்டா' பட்டா கிடையாது. இன்ன ஊர்க் குடிகளிடம் வரி தண்டிக்கொள் என்ற உரிமை. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு வரி, வருஷத்துக்கு 8 ரியால் (ஸ்பானிய வெள்ளிக்காசு); 1589-இல் 10 ஆக்கினார்கள். நெல்லாகவோ துணியாகவோ கட்டலாம், ஆனால் விலை போடுவது வசூலிப்பவன். விளைச்சல் மலிந்தால் காசு கேட்பான், பஞ்சம் வந்தால் நெல் கேட்பான். அதற்குமேல் 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் வருஷத்தில் 40 நாள் மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் போக வேண்டும்.

இதில் எனக்கு மனசு ஆறாதது 'கபேசா' என்ற ஊர்த்தலைவனின் கதி. பரம்பரையாக ஊரை நடத்தி வந்தவனையே வரி தண்டவும் வைத்தார்கள். அவனுக்கு வரி இல்லை. ஆனால் எவனாவது கட்ட முடியாமல் மலையேறி ஓடினால் அந்தப் பாக்கி இவன் தலையில். அதற்காகச் சொத்தை இழந்தவர்கள் உண்டு.

நிலம் போனது மெதுவாக, பெரும்பாலும் பாதிரிமார் மடங்களின் கைக்கு. எங்களுக்கு அடுத்த ஊரான கலம்பாவையே எடுத்துக்கொள். ஏறக்குறைய ஊர் முழுக்க டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் பண்ணை. இந்த நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் குடும்பமே அங்கே குத்தகைக்குத்தான் உழுதது. சர்க்கரை விலை விழுந்தபோதும் குத்தகை ஏறிக்கொண்டே போனது. 1887-இல் அரசாங்கம் பண்ணையைப் பற்றி விவரம் கேட்டதும் ஊரார் சொன்னதை ரிசால் எழுதிக் கொடுத்தார்: காடு திருத்தி நிலமாக்கியவனை அற்பக் காரணம் சொல்லித் துரத்துகிறார்கள், குத்தகை தாமதித்தால் வட்டி, பிள்ளைகள் படிப்புக்கு மடம் ஒரு காசு கொடுத்ததில்லை. ஊரார் துணிந்து கையெழுத்துப் போட்டார்கள். பதிலுக்கு வந்தது வெளியேற்ற வழக்கு. ஸ்பானிய கவர்னர் வெய்லர் பட்டாளத்தை அனுப்பினார்; வீடுகளை இடித்தார்கள். ரிசாலின் பெற்றோரும் வீடிழந்தார்கள்.

துரத்தப்பட்டவர்களை வட போர்னியோவில் குடியேற்றலாம் என்று ரிசால் அனுமதி கேட்டார். அடுத்த கவர்னர் மறுத்துவிட்டார். இருந்தால் இடமில்லை, போகவும் விடமாட்டோம் என்பது என்ன நியாயம்?

பிறகு ஸ்பானியர்களிடமிருந்து நாட்டைக் கைப்பற்றிய அமெரிக்கர்கள் 1903-இல் மடங்களின் நிலங்களை விலைக்கு வாங்கி, தவணையில் விற்றார்கள். தாத்தா திருத்திய வயலைப் பேரன் பணம் கட்டி வாங்க வேண்டியிருந்தது. கட்ட வசதியில்லாதவர்களுக்குப் பதில் பல இடங்களில் பணக்காரர்கள் வாங்கினார்கள்.

நீ தாலுகா ஆபீஸில் இத்தனை வருஷம் நிலத் தகராறு பார்த்தவன். எழுத்தில் ஒன்றுமில்லாமல், தலைமுறையாக உழுத உரிமை மட்டும் இருந்தவர்கள் அன்று எதைக் காட்டி வாதாடியிருக்க முடியும்? விரிவாக எழுது.

அன்புடன்,
உன் சேகர்